யார் முதலில் அசைந்தது? வேட்டையும் தப்புதலும் நடக்கும் கணத்தை அளக்க ஒரு முழு வழிகாட்டி

வேட்டையாடும் விலங்கு எப்போது பாய்கிறது, இரை எப்போது ஓடுகிறது என்பதை வீட்டில் இருந்தபடியே அளக்க முடியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கமும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும், வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு இயற்கை சொல்லிக்கொடுப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கும்போது அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வேலையின் வரிசை மாறிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு மோதலுக்கும் நான்கு விஷயங்கள் மட்டும் வேண்டும். முதல் பாய்ச்சலோ ஓட்டமோ தொடங்கியபோது இரண்டுக்கும் இடையே இருந்த தூரம். முதலில் அசைந்தது யார். அந்த அசைவுக்கும் மற்றதன் பதில் அசைவுக்கும் இடையே போன நேரம். கடைசியில் பிடிபட்டதா, தப்பியதா.

"முதலில் அசைந்தது யார்" என்பதுதான் இந்த நான்கிலும் முக்கியம். அதற்குக் காரணம் இருக்கிறது. பாய்ச்சலையும் தாவலையும் தொடங்கிவிட்டால் நடுவில் மாற்றிக்கொள்வது கடினம். கபடியில் ரெய்டுக்குப் போனவர் ஒரு காலை நீட்டிவிட்டால், அந்தக் கால் திரும்பி வரும்வரை பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கிறதல்லவா, அதே நிலைதான் இங்கும்.

ஜப்பானில் நிஷியுமி, மோரி என்ற இரு ஆய்வாளர்கள் பாம்பையும் தவளையையும் வைத்து இதைக் கவனித்து 2020-இல் வெளியிட்டார்கள். தவளை தாவிவிட்டால் காற்றில் பாதையை மாற்ற முடியாது. பாம்பு அந்தப் பாதையைக் கணித்துத் தன் தாக்குதலைத் திருப்பிக்கொள்ளும். அதேபோல பாம்பு முதலில் பாய்ந்து தவறவிட்டால், உடலை மறுபடி சேர்த்துக்கொள்ள அதற்கு நேரம் பிடிக்கும். தவளை அதற்குள் தண்ணீருக்குப் போய்விடும்.

அதனால் ஓரளவு தூரம் இருக்கும்வரை முதலில் அசைபவருக்கு நஷ்டம், காத்திருப்பவருக்கு லாபம். தூரம் மிகவும் குறைந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். அப்போது காத்திருந்தவருக்குப் பதில் சொல்லவே நேரம் இருக்காது. லாபம் நஷ்டமாக மாறும் அந்தத் தூரத்தைத்தான் நாம் தேடப் போகிறோம். மற்ற எல்லா அளவும் அதற்காகத்தான்.

2. சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதல் களம் உங்கள் வராந்தாச் சுவர். டர்பன் வீடுகளில் விளக்கடியில் வரும் வீட்டுப்பல்லியும் அங்கே வந்து உட்காரும் பூச்சிகளும் போதும்.

சுவர் தட்டையானது என்பதுதான் இதில் பெரிய வசதி. பல்லியும் பூச்சியும் ஒரே தளத்தில் இருப்பதால் படத்தில் தெரியும் தூரம்தான் உண்மையான தூரம். புல்வெளியில் கொக்கு புழு பொறுக்குவதைப் படம் எடுத்தால், முன்னே பின்னே இருக்கும் ஆழம் படத்தில் காணாமல் போகும். உம்கேனி ஆற்றில் மீன்கொத்தி பாய்வதை எடுக்க வேண்டும் என்றுதான் பிள்ளைகள் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆசை சரிதான். ஆனால் அதற்கு ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு கேமராக்கள் வேண்டும். சுவரில் கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

பாம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்த ஊரில் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கருமாம்பாவும் விஷம் துப்பும் நாகமும் உண்டு. பாம்பு தெரிந்தால் எல்லோரும் பின்வாங்கி, பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூச்சியைப் பிடித்துப் பல்லிக்கு முன்னால் போடாதீர்கள். கையில் பிடிபட்ட பூச்சி ஏற்கெனவே மிரண்டிருக்கும், காலோ இறகோ சேதப்பட்டிருக்கலாம். அது ஓடும் நேரத்தை அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதோடு, பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வரவும் கூடாது.

3. தேவையானவை, அவற்றைச் சோதிக்கும் முறை

வினாடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி உள்ள போன், ஆடாமல் நிற்கும் ஒரு ட்ரைபாட், அளவு நாடா, வெள்ளை அட்டை, கறுப்புப் பேனா, நோட்டு, ஒரு வெப்பமானி. இவற்றோடு பாட்டரியில் எரியும் ஒரு விளக்கு.

240 ஏன்? சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவினாடி போய்விடும். ஒரு மீன் ஆபத்தை உணர்ந்து உடலை வளைக்கத் தொடங்க 10 மில்லிவினாடி கூட எடுக்காமல் இருக்கலாம். கரப்பானுக்குச் சில பத்து மில்லிவினாடிகள். ஆக 30 ஃபிரேமில் யார் முதலில் அசைந்தது என்பது இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்து மறைந்துவிடும். 240-இல் இடைவெளி 4 மில்லிவினாடிக்குச் சற்றே அதிகம். 120 மட்டும் இருக்கும் போன் என்றால் அதையும் வைத்துச் செய்யலாம். ஆனால் ஒன்றிரண்டு ஃபிரேம் வித்தியாசத்தை நம்பி முடிவு எழுதக் கூடாது.

960 என்று விளம்பரம் செய்யும் போன்களில் கவனம் தேவை. சில போன்கள் ஒரு வினாடியின் சிறு பகுதிக்கு மட்டும் அந்த வேகத்தில் எடுக்கும். சில, இடையில் இல்லாத படங்களைத் தாமே வரைந்து சேர்க்கும். வரைந்து சேர்த்த ஃபிரேமில் பூச்சியின் கால் எங்கே இருந்தது என்பது போனின் ஊகம் மட்டுமே.

வேகத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்னொரு போனில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு அதை ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். பிறகு விஎல்சி மாதிரி ஒரு செயலியில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கடிகாரத்தில் இரண்டு வினாடி போக எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். 480-ஐ ஒட்டி வந்தால் சரி. பாதிதான் வருகிறது என்றால், கோப்பைக் கணினிக்கு அனுப்பும்போது போன் அதைச் சுருக்கியிருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை ஒருபோதும் அளக்காதீர்கள். கேபிள் போட்டு மூலக் கோப்பை எடுங்கள்.

விளக்கில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 240 ஃபிரேமில் சுவர் முழுக்க இருட்டும் வெளிச்சமுமாக அடித்துக்கொண்டே இருக்கும். லோட்ஷெடிங் மின்வெட்டுக்காக வாங்கி வைத்த ரீசார்ஜ் விளக்கு வீட்டில் இருக்கும். அதை எடுத்துச் சுவரை ஒரு நிமிடம் படம் எடுத்துப் பாருங்கள். துடிப்பு இல்லை என்றால் அந்த விளக்கையே கடைசிவரை வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் இன்னொன்றைச் சேருங்கள். இருட்டில் எடுத்தால் வேகமாக அசையும் கால் வெறும் கறையாகத்தான் பதியும்.

4. அளவுகோலை ஒட்டிவிட்டுப் பிறகு பல்லிக்குக் காத்திருங்கள்

வெள்ளை அட்டையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு போட்டு, பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு அளவுகோல் செய்யுங்கள். அதைப் படத்தின் ஓரத்தில் வரும்படி சுவரிலேயே ஒட்டுங்கள். சுவருக்கு முன்னால் தொங்கவிடக் கூடாது. கேமராவுக்கு அருகில் இருக்கும் கோல் பெரிதாகத் தெரியும், அதை வைத்துக் கணக்கிட்டால் எல்லாத் தூரமும் உண்மையைவிடக் குறைவாக வரும்.

கேமரா சுவருக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். கீழே இருந்து சாய்வாக எடுத்தால் மேலே ஒரு சென்டிமீட்டரும் கீழே ஒரு சென்டிமீட்டரும் வேறு வேறு நீளமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டாவது அளவுகோலை எதிர் ஓரத்தில் செங்குத்தாக ஒட்டுங்கள். இரண்டும் படத்தில் ஒரே நீளம் என்றால் கோணம் சரி.

இதைப் பல்லி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நல்ல காட்சி கிடைத்த பிறகு கோலை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் அதற்குள் ட்ரைபாடை நகர்த்தியிருப்பார்கள், அல்லது ஜூம் மாறியிருக்கும். அந்தக் காட்சி பார்க்க அழகாக இருக்கும், அளக்க உதவாது.

போனில் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி வையுங்கள். பெரும்பாலான போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் பெரிய விட்டில் ஒன்று குறுக்கே வரும்போது போன் அதன்மேல் ஃபோகஸ் போட்டு, பல்லியை மங்கலாக்கிவிடும்.

5. பல்லி உங்களுக்குப் பழக நேரம் கொடுங்கள்

இருட்டும் முன்பே எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஒதுங்கி உட்காருங்கள். பல்லிக்கு நீங்கள்தான் பெரிய எதிரி. நீங்கள் அசைந்தால் அது பூச்சியைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும். அப்போது அது தாமதித்துப் பாய்ந்தால், தாமதத்துக்குக் காரணம் பூச்சியா நீங்களா என்று பிரிக்க முடியாது.

முதல் இரண்டு மூன்று மாலைகளில் எதையும் பதிவு செய்யாமல் சும்மா பாருங்கள். எந்தப் பல்லி எந்த மூலையில் இருந்து வருகிறது, வால் வெட்டுப்பட்டது எது, பெரியது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரே பல்லியின் பத்து பாய்ச்சலைப் பத்துப் பல்லிகளுடையது என்று எண்ணாமல் இருக்க இது உதவும். மழைச்சிலந்தி என்று இங்கே சொல்லும் பெரிய சிலந்தி சுவரில் இருந்தால் அதையும் எழுதுங்கள். அது பல்லியையே பிடித்துத் தின்னும், ஆகவே அது இருக்கும் இரவில் பல்லியின் நடத்தை மாறலாம்.

முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் இரவு வரும். அன்று சுவர் நிறையப் பல்லிகள், பாய்ச்சலுக்குப் பஞ்சமே இருக்காது, பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆனால் சிறகு உதிர்த்து ஊரும் ஈசல் அனேகமாகத் தப்ப முயல்வதே இல்லை. அந்த இரவைத் தனி நோட்டில் எழுதுங்கள். மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

6. பாய்ச்சலுக்கு முன்பே பதிவைத் தொடங்குங்கள்

"அக்கா, பாருங்க, பாயுது!" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தும் பிள்ளைக்குக் கிடைப்பது பூச்சியை மென்றுகொண்டிருக்கும் பல்லியின் படம். மனிதர் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்கவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகும். பல்லியின் கடைசிப் பாய்ச்சல் அதற்குள் முடிந்துவிடும்.

எனவே தொடக்கப்புள்ளியை முன்கூட்டியே ஒரு விதியாக எழுதி வையுங்கள். நாங்கள் வைத்திருக்கும் விதி இது: பல்லி தலையைப் பூச்சியின் பக்கம் திருப்பியதும் பதிவு தொடங்கும். பூச்சி பிடிபட்டாலோ, பறந்து போனாலோ, பல்லி வேறு பக்கம் திரும்பினாலோ, அதற்குப் பிறகு பத்து வினாடி கழித்துப் பதிவு நிற்கும்.

கடைசியில் சொன்ன "பல்லி வேறு பக்கம் திரும்பினால்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெருங்கி, நின்று, பார்த்து, கைவிட்டுப் போன வேட்டைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றையும் அதே கவனத்தோடு பதிவு செய்யுங்கள். பாய்ந்தவற்றை மட்டும் எடுத்தால், எந்தத் தூரத்தில் பல்லி பாய்கிறது என்று தெரியும், ஆனால் எந்தத் தூரத்தில் அது பாயாமல் காத்திருக்கிறது என்பது தெரியாது. காத்திருந்த நேரமும் ஒரு முடிவின் பதிவுதான்.

ஸ்லோமோஷன் கோப்பு பெரியது. போனில் இடம் இருக்கிறதா என்று மாலையிலேயே பாருங்கள். பல்லி நெருங்கும்போது "இடம் இல்லை" என்று திரையில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

7. பின்னாலிருந்து முன்னால் பாருங்கள்

இப்போது கணினியில் உட்காருங்கள். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த விஎல்சி போதும். தூரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றால் இயற்பியல் ஆசிரியர்கள் பயன்படுத்தும் ட்ராக்கர் என்ற இலவச மென்பொருள் வசதியானது. அளவுகோலின் இரு முனையையும் காட்டிவிட்டால் மற்றத் தூரங்களை அதுவே சென்டிமீட்டரில் சொல்லும்.

முதலில், பல்லியின் வாய் பூச்சியைத் தொட்ட ஃபிரேமையோ, தொட வேண்டிய இடத்துக்கு வந்த ஃபிரேமையோ கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னோக்கிப் போங்கள். பல்லியின் உடல் முன்னோக்கி நகர்வது எந்த ஃபிரேமில் மறைகிறதோ, வீடியோவில் அதற்குப் பின் வரும் ஃபிரேம்தான் பாய்ச்சலின் தொடக்கம். பூச்சிக்கும் இப்படியே.

ஏன் பின்னோக்கி? முன்னோக்கிப் பார்த்தால் பாய்ச்சல் வரப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும். கழுத்து லேசாக அசைந்ததும் "இதோ" என்று குறித்துவிடுவோம். பின்னோக்கிப் போனால் பெரிய அசைவு படிப்படியாகச் சிறுத்து நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

எது பாய்ச்சல், எது வெறும் அசைவு என்பதற்கும் விதி வேண்டும். தலை திருப்புவது, வாலை ஆட்டுவது, ஒரு காலை மெல்ல எடுத்து வைப்பது எல்லாம் திரும்பப் பெறக்கூடியவை. இடுப்பும் பின்னங்கால்களும் உந்தி உடல் முழுவதும் கிளம்புவது திரும்பப் பெற முடியாதது. நமக்கு வேண்டியது இரண்டாவது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் அளவு முழுவதும் குழம்பும்.

இந்த வேறுபாட்டையே ஆயுதமாக்கிய ஒரு விலங்கு உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் தண்ணீரில் வாழும், மூக்கில் இரண்டு உணர்கொம்பு உள்ள பாம்பு அது. ஆபத்து வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மீன் உடலை வளைத்துப் பாயும். அந்த வளைவு தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. பாம்பு தன் உடலின் நடுப்பகுதியை லேசாகத் துடிக்கவிடும். மீன் அந்தத் துடிப்பிலிருந்து விலகி, பாம்பின் தலைப் பக்கமே பாயும். கென்னத் கட்டானியா இதை வேகக் கேமராவில் எடுத்து 2009-இல் வெளியிட்டார். அந்தப் பாம்பு மீனை அசைய வைத்துவிட்டு, அது முதலில் அசைந்ததன் பலனைத் தான் எடுத்துக்கொள்கிறது.

ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண்ணை எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு ஃபிரேமுக்குள் ஒத்து வந்தால் சராசரியை எடுங்கள். அதற்கு மேல் வேறுபட்டால் விதியை உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். நோட்டில் ஃபிரேம் எண்ணைத்தான் எழுத வேண்டும், நேரத்தை அல்ல. நேரக் கணக்கில் தப்பு வந்தால் எண்ணிலிருந்து திருத்திக்கொள்ளலாம்.

8. கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பல்லி 3 சென்டிமீட்டர் தூரத்தில் பாயத் தொடங்குகிறது. 12-ஆவது ஃபிரேமில் பூச்சி இருந்த இடத்தை அடைகிறது. 240-இல் 12 ஃபிரேம் என்பது 50 மில்லிவினாடி. சராசரி வேகம் வினாடிக்கு 60 சென்டிமீட்டர். பூச்சி 9-ஆவது ஃபிரேமில் கிளம்புகிறது, அதாவது 37.5 மில்லிவினாடியில். அதற்கு மிச்சம் 12.5 மில்லிவினாடி. அந்த நேரத்தில் அது பல்லியின் வாய்க்கு எட்டாத தூரம் போனதா என்பதுதான் கேள்வி.

தூரத்தைப் பல்லியின் மூக்கு நுனியிலிருந்து, பூச்சியின் உடலில் அதற்கு மிக அருகில் உள்ள புள்ளிவரை அளங்கள். இறகு நுனியையோ உணர்கொம்பையோ சேர்க்க வேண்டாம். பல்லியின் நீளத்தை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை எடுங்கள். வால் அறுந்து மறுபடி முளைப்பது, அதை நம்ப முடியாது.

இரை ஏன் கடைசி நொடியில்தான் ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் இதே தாளில் கணக்குப் போட்டுக் காட்டலாம். பல்லியின் தலை அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது பூச்சியின் பார்வையில் சுமார் 3 டிகிரி அகலம். 15 சென்டிமீட்டருக்கு வந்தால் சுமார் 6 டிகிரி. இத்தனை தூரம் நடந்தும் மூன்றே டிகிரிதான் கூடியது. ஆனால் 3 சென்டிமீட்டரில் 28 டிகிரி, ஒன்றரை சென்டிமீட்டரில் 53 டிகிரி. கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில் மட்டும் 25 டிகிரி கூடுகிறது.

பார்வையில் ஒரு உருவம் சட்டென்று பெருகுவதைக் கண்டு எச்சரிக்கும் நரம்புகள் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளுக்கு உண்டு. பல்லி மெல்ல ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்வதன் பயன் இதிலிருந்து புரியும். மெதுவாக நெருங்கினால் உருவம் மெதுவாகவே பெருகும், எச்சரிக்கை தள்ளிப்போகும். அதனால் நோட்டில் பாய்ச்சலுக்கு முந்தைய பத்து வினாடியில் பல்லி எத்தனை முறை நின்றது என்றும் ஒரு கட்டம் சேருங்கள்.

பூச்சிக்குக் கண் மட்டும் காவல் இல்லை. கரப்பானின் பின்முனையில் இருக்கும் இரண்டு சிறு கொம்புகளில் உள்ள மயிர்கள் காற்று லேசாகத் தள்ளப்படுவதைக்கூட உணரும். தேரை பாயும்போது முன்னால் வரும் காற்றிலேயே அது திரும்பி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பல்லி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். முன், பின், பக்கவாட்டு என்று மூன்றே சொல் போதும். எல்லாப் பூச்சியையும் ஒரே வரிசையில் போடாமல் அந்து, கரப்பான், ஈ, வெட்டுக்கிளி என்று பிரித்து வையுங்கள்.

9. பல்லி இல்லாதபோதும் எண்ணுங்கள்

இந்தப் படியைக் கேட்டதும் பலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் இது இல்லாமல் மேலே செய்த எதற்கும் பலம் இல்லை.

சுவரில் உட்கார்ந்த அந்து பல்லி வந்ததால்தான் பறந்ததா? எந்தக் காரணமும் இல்லாமலும் பூச்சிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பல்லி அருகில் இல்லாத நேரங்களில், அதே விளக்கடியில், உட்கார்ந்த பூச்சிகள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தாமாகப் பறக்கின்றன என்று பதிவு செய்யுங்கள். பல்லி நெருங்கும்போது அந்த அளவு கூடினால்தான் தப்பியோடியது என்று சொல்ல உரிமை உண்டு.

10. இரையின் பக்கமிருந்து: அலையாத்தி நண்டுகள்

சுவர் பழகியபின், உம்கேனி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். அங்கே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் பிடில் நண்டுகளை அளக்கலாம். இது பாதுகாக்கப்பட்ட இடம். நுழைவு நேரத்தையும் அனுமதியையும் முன்கூட்டியே கேளுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். சேற்றில் விரல் விரலாக நிற்பவை மரத்தின் மூச்சுவேர்கள், மிதித்தால் ஒடிந்துவிடும்.

நண்டு வெளியே வருவது நீர் வற்றும்போது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நம் கடற்கரையில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் நீர் நன்றாக வற்றும். சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே உங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடும். நேரத்தை மட்டும் ஓத அட்டவணையில் சரிபாருங்கள்.

இங்கே வேட்டையாடும் விலங்கு நீங்கள்தான். பாதையில் வந்து நின்றதும் நண்டுகள் எல்லாம் வளைக்குள் போய்விடும். அசையாமல் நில்லுங்கள், கொஞ்ச நேரத்தில் மேலே வரும். ஒரு நண்டைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதற்குள்ள தூரத்தைக் கண்ணால் கணித்துக்கொள்ளுங்கள். பிறகு வினாடிக்கு அரை மீட்டர் என்ற சீரான நடையில் அதை நோக்கிப் போங்கள். நண்டு ஓடத் தொடங்கியதும் காலடியில் ஒரு துணிக்கிளிப்பைப் போட்டுவிட்டு நில்லுங்கள். கிளிப்பிலிருந்து நண்டு இருந்த இடம்வரை நாடாவால் அளங்கள், எட்டாத இடம் என்றால் நீளமான கம்பில் அளவு குறித்து நீட்டுங்கள். கிளிப்புகளை எண்ணி எடுத்து வாருங்கள்.

தொடங்கிய தூரத்தை எழுதாமல் விடுவதுதான் இங்கே மிகப் பெரிய பிழை. நீங்கள் எவ்வளவு தள்ளி நின்று நடக்கத் தொடங்குகிறீர்களோ, பல விலங்குகள் அவ்வளவுக்கு அதிக தூரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். டேனியல் புளூம்ஸ்டைன் 2003-இல் பல பறவை இனங்களில் இதைக் காட்டினார். ஒரு பிள்ளை பத்து மீட்டரிலிருந்தும் இன்னொரு பிள்ளை நான்கு மீட்டரிலிருந்தும் நடந்தால், நண்டுகள் மாறவில்லை, நடந்தவர்தான் மாறினார்.

நண்டின் தப்புதல் ஒரே அசைவு அல்ல. முதலில் உறைந்து நிற்கும். அப்புறம் வளையை நோக்கி ஓடும். வாசலில் நின்று பார்க்கும். இன்னும் நெருங்கினால்தான் உள்ளே இறங்கும். நான்குக்கும் நான்கு தூரம். ஒருவர் உறைந்ததையும் இன்னொருவர் இறங்கியதையும் "ஓடியது" என்று எழுதினால் இரண்டு நோட்டையும் சேர்க்க முடியாது. வளைக்கும் நண்டுக்கும் இடையே இருந்த தூரமும் வேண்டும். வீடு தொலைவில் இருந்தால் முன்பே கிளம்புவது அதற்கு நியாயமான கணக்கு.

ஒரு வளையை ஒரு நாளில் ஒருமுறைதான் தொந்தரவு செய்ய வேண்டும். திரும்பத் திரும்பப் போனால் நண்டு உங்களுக்குப் பழகிவிடும், அளவு பொய்யாகும். அதோடு, நீர் வற்றியிருக்கும் சொற்ப நேரத்தில்தான் அது மண்ணைச் சலித்துத் தின்கிறது. அதை நாம் பறிக்கக் கூடாது.

வெயில் காயும் அரணைகளையும் இதே முறையில் அளக்கலாம். அதற்கு வெப்பநிலை கட்டாயம். உடல் குளிர்ந்திருக்கும்போது அவற்றால் வேகமாக ஓட முடியாது, அதனால் தூரத்திலேயே ஓடிவிடும் இனங்கள் உண்டு. ஜூலை மாதக் காலையும் ஜனவரி மதியமும் ஒரே பட்டியலில் வரக் கூடாது.

11. எண்களை எப்படி வாசிப்பது

கட்டத் தாளில் குறுக்கே தூரம், நெடுக்கே மோதல்கள். வேட்டையாடி முதலில் அசைந்தவற்றுக்கு ஒரு நிறம், இரை முதலில் அசைந்தவற்றுக்கு இன்னொரு நிறம், யாரும் அசையாமல் முடிந்தவற்றுக்கு வெற்று வட்டம். பிடிபட்டவற்றின் மேல் ஒரு பெருக்கல் குறி. இப்போது நிறம் மாறும் தூரத்தைத் தேடுங்கள், பெருக்கல் குறிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். சராசரி எடுக்க அவசரப்பட வேண்டாம். தூரம், நேரம் எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் அந்த மாறும் இடம் மறைந்துவிடும்.

உங்கள் சுவரில் கிடைத்த எண்ணை வேறு விலங்குக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இரை தன் பதிலைத் தூரத்துக்கு ஏற்ப மாற்றும். வௌவாலின் ஒலி தொலைவில் கேட்டால் அந்து திரும்பிப் பறக்கும், மிக அருகில் கேட்டால் தாறுமாறாகச் சுழன்று கீழே விழும். நம் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சிங்கம், சிவிங்கிப்புலி (சீட்டா), வரிக்குதிரை, இம்பாலா மான் ஆகியவற்றின் கழுத்தில் கருவி கட்டி அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். வேட்டை விலங்குகள் தத்தம் இரையைவிட 37 சதவீதம் அதிகமாக வேகம் எடுக்கவும், 72 சதவீதம் அதிகமாக வேகத்தைக் குறைக்கவும் வல்லவை. அப்படியானால் முழு வேகத்தில் நேராக ஓடுவது இரைக்குப் பயனில்லை. துரத்தல் முடியும் தறுவாயில் மெதுவாக ஓடி, கடைசி நொடியில் திரும்புவதுதான் அதற்கு நல்ல வாய்ப்பு. அங்கேயும் கேள்வி அதே கேள்விதான், ஆனால் விடை பல்லியின் விடை அல்ல.

விளக்கை மாற்றினாலோ, கேமராவை நகர்த்தினாலோ, பருவம் மாறினாலோ நோட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள். வீடியோ கோப்புக்குத் தேதி, இடம், பல்லியின் அடையாளம் மூன்றையும் பெயராக வையுங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். அளக்கும் விதி பின்னால் திருத்தப்படும்போது, பழைய காட்சிகள் எல்லாவற்றையும் மறுபடி ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.